மார்ப்ளிங் வாழ்த்து அட்டை: எங்கே சொதப்பியது என்று கண்டுபிடிப்பது

மார்ப்ளிங் என்றால் கெட்டியாக்கிய தண்ணீர் மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு, அதைத் தாளில் பதித்தெடுப்பது. போன தீபாவளிக்கு அப்படி நாற்பது அட்டை செய்துவிடலாம் என்று அண்ணன் மகளும் நானும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். முதல் தாளைத் தட்டிலிருந்து தூக்கியபோது மயில்கழுத்து நீலம் அப்படியே பதிந்திருந்தது. அவளுக்கு முகமெல்லாம் பல். குழாயடியில் காட்டிய மறுநொடி, "அத்தை, எல்லாம் ஓடுது!" என்றாள். கையில் மிஞ்சியது நனைந்த வெள்ளைத் தாள்.

"வேற பெயின்ட் வாங்கலாம் அத்தை" என்றாள். பெயின்டில் ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் இரவு, நிறம் பிடிப்பதற்காகத் தாளுக்குப் படிகாரம் தடவியதில் நான் செய்த தவறு அது. இந்த வேலையில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. அதனால்தான் கீழே படிப்படியாகச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போகிறேன். இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் போட்டிருக்கும் நேரமெல்லாம் குளிர்ந்த, காய்ந்த ஊருக்கானவை. சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

முதலில் எங்கள் வீட்டு அளவு. தண்ணீரைக் கெட்டியாக்கி வைப்பதை நான் கஞ்சி என்றே சொல்வேன், புடவைக்குப் போடுகிற கஞ்சி மாதிரி. 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி கராஜீனன் தூள் (கடற்பாசித் தூள்), மிக்சியில் அடித்து ஓர் இரவு வைக்க வேண்டும். அரை லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக்கரண்டி படிகாரத் தூள். ஆறியதும் ஸ்பாஞ்சால் தாளின் ஒரு பக்கத்தில் தடவ வேண்டும். டியூப் வாட்டர்கலரையோ குவாஷையோ (ஒளி ஊடுருவாத வாட்டர்கலர்) பால் பதத்துக்குக் கரைத்து, அதில் நிறம் விரிவதற்குச் சில சொட்டு பித்தநீர். சொட்டு விட்டு, சீப்பால் இழுத்து, தாளைக் கவிழ்த்து, தூக்கி, அலசிக் காயவைத்தால் வேலை முடிந்தது. முடிய வேண்டும்.

வண்ணம் மிதக்கவில்லை, நேரே அடிக்குப் போகிறது

தட்டில் இருப்பது வெறும் தண்ணீர் என்றால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. வெறும் தண்ணீரில் அழகாக வளையம் வளையமாகப் போடும் வீடியோக்கள் பெரும்பாலும் ஜப்பானின் சுமினகாஷி. 12-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே இருந்த கலை. அதற்கு உபயோகிப்பது புகைக்கரியில் செய்த மை. தண்ணீர் மேலே மெல்லிய படலமாக நிற்கும். வாட்டர்கலரில் இருக்கும் நிறமித் துகள் அப்படி நிற்காது. அதைத் தாங்க அடியில் கெட்டியான ஏதாவது வேண்டும். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த துருக்கியின் எப்ரு கலையில் அதற்காக ஒரு முட்செடியின் பிசினைக் கரைக்கிறார்கள். நாம் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனைக் கரைக்கிறோம். பாதாம் பிசின் போட்டால் ஆகுமா என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. ஆகாது. அது ஊதிப்போய் ஜெல்லிக் கட்டியாக நிற்குமே தவிரக் கரையாது. ஜிகர்தண்டாவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி சரியாக இருந்தும் மூழ்கினால் பித்தநீர் போதவில்லை. பித்தநீரின் முக்கிய வேலை இது: சொட்டு விழுந்ததும் அது குவிந்து நிற்காமல் மேற்பரப்பில் விரிய வைக்கும். விரிந்த சொட்டு மிதக்கும், குவிந்தது முங்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் கஞ்சி எடுத்து ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சொட்டிப் பாருங்கள். 5 முதல் 7 செ.மீ. அகலத்துக்கு விரிந்தால் சரி. குறைந்தால் இன்னொரு சொட்டு பித்தநீர். அல்ட்ராமரீன் நீலம், காட்மியம் மஞ்சள் போன்றவை மற்ற நிறங்களைவிட அதிகம் கேட்கும். மூன்று நிறம் மிதந்து ஒன்று மட்டும் மூழ்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பித்தநீர் என்றால் மாட்டுப் பித்தநீரேதான். பாட்டிலில் படமெல்லாம் போட்டிருக்க மாட்டார்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். என் அம்மா அதைப் படித்துவிட்டு, "தீபாவளி அட்டைக்கு இதுவாடி கிடைச்சுது உனக்கு?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அதற்கப்புறம் செயற்கைப் பித்தநீருக்கு மாறிவிட்டேன். அதுவும் கிடைக்காத நாளில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மம்: 1 சொட்டுக்கு 20 சொட்டுத் தண்ணீர் கலந்து, அந்தக் கலவையிலிருந்து ஒரே ஒரு சொட்டை நிறத்தில் விட வேண்டும். சோப்புக்கு நிதானம் கிடையாது. கொஞ்சம் கூடினாலும் பக்கத்து நிறங்களையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் பெரிய ஓட்டையோடு உட்கார்ந்திருக்கும்.

இரண்டும் சரி, அப்படியும் மூழ்குகிறதா? கஞ்சி மேல் ஆடை படிந்திருக்கும். காய்ச்சிய பாலில் படிகிற மாதிரி, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. தட்டின் அகலத்துக்குச் செய்தித்தாளைக் கிழித்து, அதன் விளிம்பால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வழித்தெடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தால் ஆடை இன்னும் சீக்கிரம் படியும், தூசியும் விழும். வியர்த்தாலும் பரவாயில்லை, நிறுத்திவிடுங்கள்.

சொட்டு தட்டு முழுக்கப் பரவி வெளுத்துப்போகிறது

மூழ்குவதற்கு நேர்மாறு இது: பித்தநீர் அதிகம். விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, அந்த நிறத்திலேயே பெயின்ட் கூடுதலாகச் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டியதுதான். வரிசையும் முக்கியம். முதலில் விடும் நிறத்துக்குத் தட்டு காலியாகக் கிடக்கிறது, கடைசியாக வரும் நிறம் நெரிசலுக்குள் புக வேண்டும். ஆகவே முதல் நிறத்துக்குக் குறைவாகவும் பின்னால் வருவதற்குப் படிப்படியாகக் கூடுதலாகவும் பித்தநீர் விடுங்கள். காலைநேர எம்ஆர்டி ரயில் மாதிரி, கடைசியில் ஏறுபவருக்குத்தான் தெம்பு வேண்டும்.

சொட்டின் ஓரம் வட்டமாக இல்லை, ரம்பப் பல் மாதிரி இருக்கிறது

மூன்று காரணம். மேலே சொன்ன ஆடை ஒன்று. வழித்துவிட்டு மறுபடி சொட்டிப் பாருங்கள். வழித்தும் ரம்பமாகவே இருந்தால் கஞ்சியும் பெயின்டும் வேறு வேறு சூட்டில் இருக்கின்றன. நம் வீடுகளில் இது சர்வசாதாரணம், கெட்டுப்போகாமல் இருக்கக் கஞ்சியைக் குளிர்பெட்டியில் வைக்கிறோமே. வெளியே எடுத்து மூன்று நான்கு மணி நேரம் விட்டு, தட்டின் அடியைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கக் கூடாது. அவசரப்பட்டுச் சூடாக்காதீர்கள், ஓரம் சூடாகி நடு குளிர்ந்திருந்தால் அதற்கு ஒன்றும் செய்யாமலே இருந்திருக்கலாம்.

மூன்றாவது, கஞ்சி கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தாளில் அழகாகப் பதிந்தது, அலசியதும் ஓடிவிட்டது

அண்ணன் மகள் கத்தியது இதற்குத்தான். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுவே என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நிறத்தையும் தாளையும் பிணைப்பது படிகாரம். அது இல்லாத இடத்தில் நிறம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் இறங்கிவிடும். எனவே முதலில் ஓடியது எப்படி ஓடியது என்று பாருங்கள். முழுத் தாளும் வெளுத்ததா, திட்டுத் திட்டாக வெளுத்ததா?

முழுவதும் வெளுத்தால் தாளைத் தவறான பக்கம் கவிழ்த்திருப்பீர்கள். காய்ந்த பிறகு படிகாரம் தடவிய பக்கம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் அன்றைக்கு இப்படித்தான் மாட்டினேன். நாற்பது தாளையும் அடுக்கிவிட்டு, மேல்பக்கம் என்று மனதில் வைத்துக்கொண்டேன், காலையில் அடுக்கைத் தூக்கி வைத்தவர் திருப்பி வைத்துவிட்டார். இப்போதெல்லாம் தடவுவதற்கு முன்பே மறுபக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு புள்ளையார் சுழி. தெய்வத் துணையும் ஆச்சு, அடையாளமும் ஆச்சு.

திட்டுத் திட்டாக வெளுத்தால் ஸ்பாஞ்ச் படாத இடங்கள் அவை. முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே தடவுங்கள். கோடு கோடாக வெளுத்தால் தாள் சொட்டச் சொட்ட இருக்கும்போதே கவிழ்த்திருக்கிறீர்கள். ஈரப் படிகாரம் இன்னொரு கேட்டையும் செய்யும்: கஞ்சியில் கலந்து அதைக் கெடுத்துவிடும், பின்னால் வரும் தாள்களெல்லாம் மங்கும். தொட்டால் காய்ந்தாற்போலவும் வளைத்தால் இலேசாகத் துவள்வதாகவும் இருக்கும் பதம்தான் சரி. ஒரு நாள், போனால் இரண்டு நாளுக்குள் உபயோகித்துவிடுங்கள். படிகாரத்துக்குப் புளிப்புக் குணம், வாரக்கணக்கில் விட்டால் தாளை நொறுங்க வைக்கும்.

பக்கமும் சரி, தடவியதும் சரி, அப்படியும் ஓடுகிறதா? தாளைச் சந்தேகியுங்கள். 'அமிலமற்றது' என்று அச்சிட்ட நல்ல விலைத் தாள்கள் பலவற்றில் மஞ்சளாகாமல் இருக்கக் கால்சியம் கார்பனேட் கலந்திருப்பார்கள். சுண்ணாம்புக்கல்லும் அதுதான். படிகாரத்தின் புளிப்பை அது முறித்துவிடும். முறிந்தபின் படிகாரத்துக்குப் பிடிப்பு ஏது? விலை குறைந்த தாளில் பளிச்சென்று வந்து, விலை கூடியதில் ஓடிப்போகும் மர்மத்துக்கு இதுவே விடை. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் ஒற்றைத் தாளாக விற்பார்கள். ஒன்று வாங்கி, மூலையைக் கிழித்துச் சோதித்துவிட்டுப் பத்து வாங்குங்கள். பல மேற்பரப்புகளில் கிடைக்கும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளில், சொரசொரப்பானதைவிட வழவழப்பானதில் கோடுகள் கூர்மையாக விழும்.

படிகாரம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் எந்த மளிகைக் கடையிலும் கட்டியாகக் கிடைக்கும். நன்றாகப் பொடித்து, வெந்நீரில் முழுக்கக் கரைய விடுங்கள். அடியில் மணல் மாதிரி மிஞ்சியிருந்தால் அந்தத் தண்ணீர் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் செறிவாக இல்லை.

கடைசியாக அலசும் விதம். குழாயை நேரே திறந்துவிட்டால் பிடித்த நிறமும் கிளம்பிவிடும். தாளைச் சாய்வான பலகை மேல் வைத்து, மேல் விளிம்பிலிருந்து குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். அபிஷேகம் மாதிரி.

காய்ந்தபின் விரலில் பொடியாக ஒட்டினால் அது வேறு சங்கதி. பெயின்டில் பசை குறைவு. கரைக்கும்போது இரண்டு மூன்று சொட்டு அரபுப் பசை சேர்த்துப் பாருங்கள்.

நடுவில் வெள்ளை வட்டம், குறுக்கே வெள்ளைக் கோடு

வட்டம் என்றால் தாளுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது. ஒரு மூலையை முதலில் தொடவிட்டு எதிர்மூலை வரை உருட்டினாற்போல் இறக்க வேண்டும். கோடு என்றால் பாதியில் கை தயங்கியிருக்கிறது. தொலைபேசி அடித்தாலும் எடுக்காதீர்கள். ஏ5 அளவுத் தாளை ஒருவரே இறக்கலாம். அதைவிடப் பெரியதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.

கஞ்சி ஜெல்லியாகிவிட்டது, அல்லது தண்ணீராகிவிட்டது

ஆரம்பத்தில் நான் கராஜீனன் வரும்வரை பொறுக்க மாட்டாமல் வீட்டிலிருந்த அகர் அகரைக் காய்ச்சி ஊற்றினேன். இரண்டும் கடற்பாசிதானே என்று நினைப்பு. ஒரு மணி நேரத்தில் தட்டு நிறைய உறைந்த ஜெல்லி. அதன் மேல் நிறம் நின்றது, நன்றாகவே நின்றது, ஆனால் சீப்பை இழுத்தால் ஜெல்லி கிழிந்தது. பிள்ளைகள் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். அகர் அகர் ஆறினால் உறையும், நமக்கு வேண்டியது உறையாமல் கெட்டியாக மட்டும் இருப்பது. கராஜீனனிலும் உறையும் வகை, உறையாத வகை என்று உண்டு. இனிப்பு செய்வதற்கென்று விற்பது உறையும் வகையாக இருக்கலாம், மார்ப்ளிங்குக்கு என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

பதம் பார்க்க ஒரு வழி: ஒரு சொட்டு விட்டு ஊசியால் கோடு இழுத்து நிறுத்துங்கள். கை நின்ற பிறகும் நிறம் நகர்ந்துகொண்டே இருந்தால் கஞ்சி நீர்த்திருக்கிறது. இழுத்த கோடு பின்வாங்கினால் கெட்டி அதிகம், தண்ணீர் ஊற்றி அடித்து மறுபடி ஓய்வு கொடுங்கள். அடித்த உடனே உபயோகிக்கக் கூடாது. மிக்சி ஏற்றிய காற்றுக் குமிழிகளெல்லாம் போகத்தான் அந்த ஓர் இரவு.

நேற்று நன்றாக இருந்தது இன்று நீர்த்துப்போய், கிட்டே போனால் கடற்கரை நாற்றம் அடித்தால், ஊசிப்போய்விட்டது. கொட்டிவிடுங்கள். பகலில் 31, 32 டிகிரி போகும் ஊரில் வெளியே வைத்த கஞ்சி நாள் கணக்கில் தாங்காது. ஓய்வெடுக்கும் இரவையும் குளிர்பெட்டியிலேயே கழிக்கட்டும். மூடியின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். என் மாமனார் ஒரு நாள் அதை மோர் என்று எடுத்து உப்புப் போட்டுவிட்டார். நல்லவேளை, குடிக்கவில்லை.

தாள் சுருள்கிறது, காயவில்லை, புள்ளி பூக்கிறது

இங்கே சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. விடியலுக்கு முன் 90-ஐத் தாண்டும், மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். ஆகையால் இரவில் அலசிக் காயப்போட்டுத் தூங்கினால் காலையில் அப்படியே ஈரமாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. காலையில் அலசி, பிற்பகலுக்குள் காயும்படி வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்திய அக்டோபர், நவம்பரில் அதிலும் சிக்கல், பிற்பகல் என்றாலே இடிமழை வரும் பருவம் அது. அந்த நாட்களில் ஏர்கான் அறையில் துணி காயப்போடும் மடக்குக் கம்பியில் போடுவேன். துணி மூங்கிலில் வெளியே நீட்டிக் காயவைக்க ஆசைப்படாதீர்கள். மேல்மாடிக்காரர் துணி பிழிந்து போட்டிருந்தால் உங்கள் மயில் மேல் சொட்டும்.

முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து, இருபுறமும் வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள். உறிஞ்சும் தாளைக் காலை மாலை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் அந்த ஈரமே பூஞ்சைக்கு வீடு. சாம்பல் புள்ளி ஒன்று வந்துவிட்டாலும் அந்தத் தாளைத் தனியே பிரித்துவிடுங்கள், அடுக்கு முழுவதும் பரவும். மார்ப்ளிங் செய்யாத தாள்களையும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வைப்பதே நல்லது.

அட்டையாக மடித்தால் மடிப்பில் நிறம் உரிகிறது

ஏ5 தாளை இரண்டாக மடித்தால் ஏ6 அட்டை, சி6 உறைக்குள் கச்சிதமாகப் போகும். ஆனால் தாளுக்கும் துணி மாதிரி ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் மழமழவென்று மடியும், குறுக்கே மடித்தால் முறிந்து வெள்ளை இழை தெரியும். மடிக்காமல் இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கம்தான் மடிப்பு வர வேண்டும். தாள் வாங்கி வெட்டும்போதே இதை யோசிக்க வேண்டும், மார்ப்ளிங் முடிந்த பிறகு யோசித்துப் பயனில்லை.

ஏற்கெனவே தவறாக வெட்டியாயிற்று என்றால் மடிக்கவே வேண்டாம். சாதாரண வெள்ளை அட்டையை மடித்து, அதன் முகப்பில் மார்ப்ளிங் துண்டை ஒட்டிவிடுங்கள். உண்மையில் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். ஒரு தாளில் நன்றாக வந்த பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம், பாதி சொதப்பிய தாளும் வீணாகாது. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை வேண்டாம், அதிலுள்ள தண்ணீர் அட்டையை வளைக்கும். இருபக்க டேப் போதும். வாழ்த்தை உள்ளே வெள்ளைப் பக்கத்தில் எழுதுங்கள். மார்ப்ளிங் மேல் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு வெட்டுத்துண்டில் பேனாவை ஓட்டிப் பார்த்துவிட்டு.

உறை தானாகவே ஒட்டிக்கொள்கிறது

வாங்கிய உறைகளை அலமாரியில் வைத்திருந்து, ஒரு மாதம் கழித்து எடுத்தால் எல்லா வாயும் மூடியிருக்கும். நக்கி ஒட்டும் பசைக்கு இந்த ஊர்க் காற்றிலிருக்கும் ஈரமே போதும். பிரிக்கப் பார்த்தால் கிழியும். உறையின் மடிப்புக்குள் எண்ணெய்த் தாளில் வெட்டிய சிறு பட்டையைச் செருகி வைத்தால் ஒட்டாது. அல்லது பசையில்லாத உறை வாங்கி, அனுப்புகிற அன்றைக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் அந்த வருடம் முடித்தது இருபத்து மூன்று அட்டை, அதில் ஆறு உறைகளைக் கத்தரித்துத் திறந்து வேறு உறை போட்டோம்.